பத்து நாள் புகார்கள்

பச்சை கேட் வீட்டு அம்மா போனில் சொன்ன முதல் வார்த்தையிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆளா? எங்க வீட்டுக்கா? யாரும் வரலையேம்மா."

வேலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று, பச்சை கேட் வீடு, ஏசியில் தண்ணீர் சொட்டுகிறது. அதற்கு அடியில் 'சரி செய்தாயிற்று' என்று என் வீட்டுக்காரர் எழுதியிருந்தார்.

"நேத்துதாம்மா வந்தாரு. நீங்கதானே கூப்பிட்டு தண்ணி சொட்டுதுன்னு சொன்னீங்க?"

"நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்? ஏசிக்கு உறை போட்டு மூடி ஒரு வாரம் ஆச்சு. ராத்திரி போர்வை இல்லாம தூங்க முடியல. இந்தக் காத்துல யாராவது ஏசி போடுவாங்களா?"

நியாயமான கேள்வி. பதினோரு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்களுடையது சின்னக் கடை. வெயில் காலத்தில் ஏசி, குளிர் காலத்தில் ஹீட்டர். பழுது பார்ப்பது அவர், போன் பார்ப்பது நான். வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை, ஒரு பழைய போன், ஒரு கட்டு வேலைச் சீட்டு, அவ்வளவுதான் கடை. யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாத அந்தக் காலத்துப் போன். கூப்பிட்டவர் சொல்லும் விலாசத்தையும் புகாரையும் சீட்டில் எழுதி அவரிடம் கொடுப்பேன். அதனால் எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மேனேஜரம்மா. பாசமாகத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

வெயில் முடிந்து குளிர் தொடங்கும் இடைவெளியில் ஒரு பத்து நாள் உண்டு. ஏசியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். கடை தொடங்கிய முதல் வருஷம் அந்தப் பத்து நாளும் போன் அடிக்கவே இல்லை. அரை மணிக்கொரு தடவை ரிசீவரை எடுத்து, லைனுக்கு உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பேன். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. ஆறாம் நாள் சமையலறையில் மயங்கி விழுந்தேன். நெஞ்சில் ஒன்றும் இல்லை, வெறும் பதற்றம்தான் என்றார் டாக்டர்.

அடுத்த வருஷம் ஆண்டவன் கண் திறந்தான். அந்தப் பத்து நாளிலும் தினம் நாலு பேர் கூப்பிட்டார்கள். எல்லாமே வருஷ ஒப்பந்த வாடிக்கையாளர்கள், அதனால் வேலைக்கென்று தனியாகக் காசு வாங்குவதில்லை. மற்ற மெக்கானிக்குகள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போது எங்களுக்கு மட்டும் வேலை. அதை நான் என் திறமை என்று பத்து வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் பெரிய இடத்து வேலை ஒன்று வந்தது. பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம். வெயில் காலம் முடிந்ததும் எல்லா இயந்திரத்தையும் கழுவித் துடைத்து மூட வேண்டும். வரும் திங்கள்கிழமை ஆரம்பம், இனி ஒவ்வொரு வருஷமும் இதே நாட்களில். கட்டடத்தின் பராமரிப்பு அதிகாரி, "வியாழக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடறேன், முடிவைச் சொல்லிடுங்க. அப்படியே உங்க வேலை நல்லாருக்குன்னு சொல்ற மூணு வாடிக்கையாளர் பேரும் வேணும்" என்றார். என் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. கையில் கிடைத்த பிறகு சொல்லி அசத்தலாம் என்று இருந்தேன். அந்த மூன்று பேருக்காகத்தான் பச்சை கேட் வீட்டுக்குப் போன் போட்டேன்.

அடுத்து பல் டாக்டருக்குப் போட்டேன். திங்கள்கிழமை சீட்டு, ஏசியில் சத்தம் வருகிறது என்று.

"ஏசியா? அதைப் போன மாசமே வித்துட்டேனே!" என்றார் பல் டாக்டர்.

மூன்றாவது, மாடி வீட்டுப் பெரியவர். வருஷா வருஷம் இருமிக்கொண்டே கூப்பிடுவார், பாவம். நான்கூட அவரிடம் வெந்நீர் குடியுங்கள் என்று சொல்வேன். அந்த வீட்டில் எடுத்தது ஒரு பெண். அங்கே பெரியவர் என்று யாருமே கிடையாதாம்.

ரிசீவரை வைத்தேன். கூப்பிடாதவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், போகாத வீட்டுக்கு என் வீட்டுக்காரர் போய், இல்லாத ஏசியைச் சரி செய்து, கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

மாலை அவர் வந்தார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கை கால் கழுவினார். இந்தப் பத்து நாளும் அப்படித்தான், முகம் தெளிந்திருக்கும், படுத்த உடனே குறட்டை. பருவம் அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்று நினைப்பேன். இன்னொன்றும் இருந்தது. வருஷத்தில் இந்தச் சமயத்தில் மட்டும் அவருடைய கால்சட்டைகளின் உட்காரும் பக்கம் தேய்ந்து ஓட்டையாகிவிடும். மொட்டை மாடிகளில் உட்கார்ந்து வேலை செய்வதால் என்று நானே காரணம் கண்டுபிடித்து, நானே ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"பச்சை கேட் வீட்டுல என்ன கோளாறு?" என்று கேட்டேன்.

"குழாய் அடைச்சிருந்தது. ஊதி விட்டேன்" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

நான் ஆடிப் போனேன். இந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. போன வாரம் குழம்பு எப்படி என்று கேட்டதற்கு உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். இவரா இப்படிக் காதில் பூ சுற்றுகிறார்? வேறு வீடு ஏதாவது இருக்கிறதா, இல்லை எனக்குத் தெரியாமல் வைத்தியம் பார்க்கிறாரா? எது மேல் என்று யோசித்தேன். வியாதியே பரவாயில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைப் போனை என் கைபேசிக்குத் திருப்பிவிட்டு, தெருமுனையில் டாக்ஸி பிடித்தேன்.

"முன்னாடி போற வெள்ளை வேனை விட்டுடாதீங்க."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அதுலதான் போன் நம்பர் எழுதியிருக்கேம்மா. கூப்பிட்டா நிறுத்திடுவாரே?"

"கூப்பிட்டா என் போன்தான் அடிக்கும். வண்டியை விடுங்க."

அவர் வண்டியைக் கிளப்பினார்.

சீட்டில் எழுதிய விலாசம் இடது பக்கம். வேன் வலது பக்கம் திரும்பியது. சந்தையைத் தாண்டி, பேருந்து நிலையத்தைத் தாண்டி, பொது நீச்சல் குளத்தின் பின்பக்கம் போய் நின்றது. முன் கதவில் 'சீசன் முடிந்தது, குளம் மூடப்பட்டுள்ளது' என்று பலகை தொங்கியது. இவர் பின் கதவைத் தட்டினார். யாரோ திறந்தார்கள். தன் வீட்டுக்குள் போகிறவர் மாதிரி உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். கதவைத் தாழ் போடக்கூட இல்லை. பார்வையாளர் படிக்கட்டில் ஏறி, கம்பிக்குப் பின்னால் நின்று கீழே பார்த்தேன்.

குளத்தில் தண்ணீர் இல்லை. நீல ஓடு பதித்த பெரிய பள்ளம். ஆழமில்லாத பக்கத்திலிருந்து ஆழமான பக்கத்துக்கு அது சரிந்து இறங்கியது. சரிவின் உச்சியில் ஏசி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். வயது ஐம்பத்து மூன்று, இடுப்பில் முதுகுவலிக்கான பெல்ட்.

"தள்ளு!" என்று கத்தினார்.

விசில் மாட்டிய ஒருவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார். இவர் சர்ரென்று சரிந்தார். போகிற வேகத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வீட்டில் நான் ஒரு நாளும் கேட்டிராத குரலில் 'ஊ' என்று கூவினார். அடிப்பக்கத்துச் சுவர் வரைக்கும் போய், அங்கே சாய்த்து வைத்திருந்த மெத்தையில் மோதி, குப்புற விழுந்து, விழுந்தபடியே சிரித்தார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வேறு வீடு இருந்திருந்தால்கூட இப்படி வாயடைத்துப் போயிருக்க மாட்டேன்.

இன்னும் நாலு பேர் இருந்தார்கள். விசில்காரர் நீச்சல் கோச். ஐஸ்கிரீம் வண்டிக்காரரின் வண்டி மேலே ஓரமாக நின்றது. ஒரு அம்மா அட்டைப்பெட்டியோடு தன் முறைக்காகக் காத்திருந்தாள். சந்தையில் ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவள், எனக்கே ஒரு தடவை விற்றிருக்கிறாள். மின்விசிறிக் கடைக்காரர் ஆழமான பக்கத்து மூலையில், முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வெயிலை நம்பிப் பிழைப்பவர்கள், குளிரை நம்பிப் பிழைப்பவர்கள், இரண்டும் இல்லாத நாளில் பிழைப்பு இல்லாதவர்கள். சுவரில் ஆழத்தைக் காட்டும் எண்களுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் யார் எவ்வளவு தூரம் சறுக்கினார்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் இரண்டாவது இடத்தில் இருந்தார்.

"மணி பதினொண்ணே கால்" என்றார் கோச். "அண்ணிக்குப் போன் போடணும். இன்னைக்கு யார் முறை?"

"நேத்து நான் போட்டேன்" என்றாள் ஸ்வெட்டர் கடைக்காரம்மா. "மூணு தடவை குரலை மாத்திப் பேசி எனக்குத் தொண்டையே போச்சு."

"சரி, குடுங்க" என்று ஐஸ்கிரீம்காரர் கைபேசியை வாங்கினார். வாயில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பயிற்சிக்காக இரண்டு தடவை இருமினார்.

அந்த இருமல். மாடி வீட்டுப் பெரியவரின் இருமல். பத்து வருஷமாக நான் வெந்நீர் குடிக்கச் சொன்ன இருமல்.

கைப்பையில் என் போன் அடித்தது.

காலிக் குளத்தில் அந்தச் சத்தம் நாலு சுவரிலும் எதிரொலித்தது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. அப்போது நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஓடியிருக்கலாம், கத்தியிருக்கலாம், அணைத்தாவது இருக்கலாம். நானோ போனை எடுத்து, காதில் வைத்து, "வணக்கம், ஏசி ஹீட்டர் சர்வீஸ், சொல்லுங்க" என்றேன். அடிக்கிற போனை விட்டுப் பழக்கமில்லை.

என் குரல் மேலேயிருந்தும் கேட்டது, ஐஸ்கிரீம்காரரின் காதிலும் கேட்டது. அவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் போலத் திருதிருவென விழித்தார். பிறகு, பாவம், அவருக்கும் பழக்கம்தானே, "ஏசியில தண்ணி சொட்டுதும்மா" என்று சொல்லி முடித்தார்.

"மேனேஜரம்மா" என்றார் என் வீட்டுக்காரர். பேயறைந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

குளத்துக்குள் இறங்க ஏணிதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். கோச்சைத் திட்டினேன், ஸ்வெட்டர் கடைக்காரம்மாவைத் திட்டினேன், தூங்கிக்கொண்டிருந்த மின்விசிறிக் கடைக்காரரையும் எழுப்பித் திட்டினேன். ஐந்து பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்று வாங்கிக்கொண்டார்கள்.

"பத்து வருஷம்! பத்து வருஷமா என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கீங்க. எதுக்கு?"

என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

"போன் அடிக்கலைன்னா நீ செத்துப் போயிடுவேன்னு பயந்துட்டேன்."

"அதுக்காக?"

"முதல் வருஷம் நீ விழுந்து கிடந்தியே, ஞாபகம் இருக்கா? இங்க பம்பு பார்க்க வந்தப்ப இவங்ககிட்ட சொல்லி அழுதுட்டேன். கோச்தான், நாலு தடவை போன் அடிச்சா போதும்தானே, நாங்க அடிக்கிறோம்னாரு. அப்புறம், சீட்டு இருந்தா நான் வீட்டுல இருக்க முடியாதே. எங்கயாவது போகணும். இங்க வந்தேன். முதல் நாள் படுத்துத் தூங்கினேன். ரெண்டாம் நாள் இந்த அட்டைப்பெட்டி."

"என்னையும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டேன்" என்றார் மெதுவாக. "முதல் வருஷமே. நீ விழுந்ததுக்கு மறுநாள். ரெண்டு பேரும் ஏரிக்கரைப் பக்கம் போயிட்டு வரலாம்னு கேட்டேன். போனை யார் பார்க்கிறதுன்னு கேட்டே."

கேட்டேன்தான். அந்தக் குரல்கூட ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரர் ஓய்வெடுக்க என்னிடம் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அந்தப் பொய்யைக்கூட என்னைக் காப்பாற்றத்தான் ஆரம்பித்திருக்கிறார். எதற்கு அழுவது என்று தெரியாமல் செருப்பில் ஏதோ குத்துவதாகச் சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தேன்.

ஓடு வெயிலில் காய்ந்து இதமாக இருந்தது. மேலே காற்று சில்லென்று வீசிக்கொண்டிருந்தாலும் அந்த ஆழத்துக்கு அது இறங்கவில்லை. செருப்பைக் கழற்றினேன். அது மட்டும்தான் ஞாபகம்.

கண் விழித்தபோது என் முகத்தில் மின்விசிறிக் கடைக்காரரின் தொப்பி இருந்தது. வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. அலறியடித்துக்கொண்டு எழுந்தேன்.

"மணி என்ன?"

"மூணு" என்றார் ஐஸ்கிரீம்காரர்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறேன், பட்டப்பகலில், தண்ணீர்கூட இல்லாத ஒரு குளத்தின் அடியில். கல்யாணமான நாளிலிருந்து பகலில் படுத்தவள் இல்லை நான். போனைத் தேடினேன்.

"ஒரு தடவைகூட அடிக்கலை அண்ணி" என்றார் அவர். "எப்படி அடிக்கும்? நாங்க எல்லாரும்தான் இங்க இருக்கோமே." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "நீங்க சொன்னதிலேருந்து நான் நிஜமாவே வெந்நீர்தான் குடிக்கிறேன்" என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே நாலு மணி ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரிடம் கட்டட வேலையைச் சொன்னேன். பன்னிரண்டு மாடி, திங்கள்கிழமை ஆரம்பம், இனி வருஷா வருஷம் இதே பத்து நாள். நானே வாயால் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

ஸ்வெட்டர் கடைக்காரம்மா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"நல்ல வேலைதானே" என்றார் அவர். "ஒத்துக்கோ. உனக்கும் நிம்மதி. இனிமே நிஜமாவே போன் அடிக்கும்." குனிந்து தன் அட்டைப்பெட்டியை எடுத்தார். தூசியைத் தட்டினார். பழைய மடிப்புகளிலேயே பார்த்துப் பார்த்து மடித்து, கோச்சிடம் நீட்டினார். "யாருக்காவது உதவும்."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மடிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

வேனில் வீட்டுக்கு வந்து போனைப் பழையபடி கடைக்குத் திருப்பினேன். சரியாக நாலு மணிக்கு அடித்தது.

"முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்றார் அதிகாரி. "திங்கள்கிழமை ஆள் வந்துடும்ல?"

இவர் வாசலில் நின்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். கால்சட்டையின் பின்பக்கத்தில் நான் போன வாரம் போட்ட ஒட்டு மறுபடியும் கிழிந்திருந்தது.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றேன். "அந்தப் பத்து நாள் எங்களுக்கு முடியாது."

"முடியாதா? சீசனே இல்லாத நேரம்மா இது. உங்களுக்கு அப்படி என்ன வேலை?"

பதினோரு வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் நான் பொய் சொன்னதில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து சீட்டுக் கட்டை எடுத்தேன்.

"ஏற்கெனவே பதிவான வேலைங்க சார். பச்சை கேட் வீட்டுல தண்ணி சொட்டுது. பல் டாக்டர் வீட்டு ஏசியில பயங்கர சத்தம். மாடி வீட்டுல ஒரு பெரியவர் இருக்காரு, இருமல் வேற, அவரைக் காக்க வைக்க முடியாது." ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினேன். "எல்லாம் பத்து வருஷமா இருக்கிற வாடிக்கையாளருங்க. அடுத்த வருஷமும் இதே நாள்ல இவங்களுக்குத்தான்."

அவர் ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது. கையும் களவுமாக இப்போது நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி ஏதோ முனகிவிட்டு வைத்தார். நான் புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதி அவரிடம் நீட்டினேன்.

வாடிக்கையாளர்: மேனேஜரம்மா. புகார்: பதினோரு வருஷமாக நிறுத்தாமல் ஓடுகிறது.

அவர் இரண்டு தடவை படித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நேரம் என்ற இடத்தில் 'நாளை காலை பத்து' என்று எழுதினார்.

அப்போது போன் அடித்தது.

என் கை தானாகப் பாதி தூரம் போனது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை மடியில் வைத்து, மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். நாலு தடவை அடித்தது, ஐந்து, ஆறு. எந்த வீட்டில் என்ன கோளாறோ, யார் காத்துக்கொண்டிருக்கிறார்களோ. ஒன்பதாவது தடவையோடு நின்றது.

நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். என்னால் நம்பவே முடியவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.